கிளீனர் இல்லாத லாரி

என் மகன் ஷெட்டில் நிற்கிற நிஜ லாரிகளுக்கெல்லாம் டிரைவர் போட்டு அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து டிவியில் லாரி ஓட்டுவான். மேசையில் திருகிவைத்த ஒரு ஸ்டியரிங், காலடியில் பெடல்கள், பக்கத்தில் ஒரு கியர் கம்பி, எதிரே சுவரளவு டிவி. காலேஜ் படித்தவன், கல்யாண வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறவன். அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் வீட்டு வாசலைக் கடந்து போகிறவர்கள் இதைப் பார்த்துவிடக் கூடாதே என்று நான் எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்துவிடுவேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கிளீனராக ஏறி, டிரைவராகி, ஒரு ஓட்டை லாரிக்குச் சொந்தக்காரனாகி, இன்றைக்கு ஆத்தூர் ரோட்டில் எந்த டீசல் பங்கில் போய் இறங்கினாலும் எனக்கு நாற்காலி போடுவார்கள். ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக் கல்கத்தா போயிருக்கிறேன். நாமக்கல் முட்டையை ஏற்றிக்கொண்டு குண்டும் குழியுமான ரோட்டில் போய், இறக்கும்போது உடைசல் எங்கே என்று தேடவைத்திருக்கிறேன். என் கையில் இருந்த வண்டி ஒரு நாயைக்கூட அடித்ததில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை, சொல்லப்போகிற விஷயத்துக்கு இது தேவை. சரி, பெருமைக்கும்தான்.

வீடியோ கேம் என்றால் எனக்கு எப்போதும் இளக்காரம். மகன் சின்னவனாக இருந்தபோது கட்டம் கட்டமாகச் செங்கல் விழுகிற ஒரு குட்டி மெஷினை வைத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு வரமாட்டான். அதை நானே பிடுங்கி பீரோ மேல் எறிந்திருக்கிறேன். பிறகு செல்போனில் வந்தது. என் வீட்டுக்காரி பரமத்தி வேலூர்ப் பக்கத்துப் பெண். அவளும் அந்த வேலூரிலேயே இருக்கிற அவள் தங்கையும் ஆளுக்கொரு போனில் தாயம் மாதிரி ஒரு ஆட்டம் ஆடுவார்கள். அங்கே அவள் காயை வெட்டினால் இங்கே இவள் அடுப்படியில் முனகுவாள். ஒருநாள் அவள் போனைச் சும்மா வாங்கி ஆடிப் பார்த்தேன். சோறு ஆறிப்போகிற வரைக்கும் போனைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. என் காய்களை எல்லாம் வெட்டித் தள்ளிவிட்டு, "மாமா, இது லாரி ஓட்டறாப்பல இல்லீங்" என்று கொழுந்தியாள் போனிலேயே குரல் பதிவு செய்து அனுப்பினாள். சரி, நினைத்த அளவுக்கு மோசமில்லை என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் லாரியை டிவிக்குள் அடைக்க முடியும் என்று மட்டும் நம்பவில்லை.

போன மழைக்காலத்தில் நாங்கள் ஒரு புது லாரி எடுத்தோம். நாமக்கல்லில் ஒரு பட்டறையில் அதற்குப் பாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். புது வண்டி வந்தால் எங்களுக்கு ஒரு வழக்கம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் வெளியே வந்து, வண்டியின் மேல் தீர்த்தம் தெளித்து, செபம் சொல்லி மந்திரிப்பார். உடனே நான் ஏறி, கோயிலை ஒரு சுற்று வலமாகச் சுற்றிக் கொண்டுவருவேன். பின்னால் காலிப் பாடியில் ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகள் ஏறிக்கொள்வார்கள். இடம் கிடைக்காததுகள் வண்டியோடு கூடவே ஓடிவரும். பேண்டு உண்டு, வெடி உண்டு. எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த, வண்டி வாங்குகிற எல்லாருக்கும் மந்திரிப்பு உண்டு. ஆனால் அவ்வளவு பெரிய வண்டியை மதிலுக்கும் கோயிலுக்கும் நடுவே ஸ்டியரிங்கை ஒடித்து ஒடித்துக் கொண்டுவருகிறவன் நான் ஒருத்தன்தான். மற்றவர்கள் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தித் தீர்த்தத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்தப் புது வண்டிக்கான ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்த சமயத்தில்தான் நான் கூடத்து லாரியில் உட்கார்ந்தேன்.

மகன் பட்டறைக்குப் போயிருந்தான். வெளியே நல்ல மழை. டிவியை அணைக்காமல் போய்விட்டான் போல, திரையில் லாரி எஞ்சின் ஓடியபடி நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் ஓடுகிற வண்டியை ஆளில்லாமல் விடுவது எனக்கு ஆகாது. அணைக்கலாம் என்று போய் உட்கார்ந்தேன். எதை அமுக்கினால் அணையும் என்று தெரியவில்லை. பழக்கத்தில் கால் கிளட்சுக்குப் போயிற்று, கை கியருக்குப் போயிற்று, வண்டி நகர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்வது. லோடு வண்டி லோடு வண்டியைப் போலவே முக்கிக்கொண்டு கிளம்பியது. கிளட்சை அவசரப்பட்டு விட்டால் எஞ்சின் செத்தது. வைப்பர் போட்டால் கண்ணாடியில் மழைத் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து வழிந்தது. வளைவில் கொஞ்சம் வேகமாக ஒடித்தால், பின்னால் இருக்கிற பாரம் ஒரு மூச்சு தாமதித்துத் தள்ளியது. அந்த ஒரு மூச்சைப் பாரம் ஏற்றி ஓட்டியவன் தவிர வேறு எவனும் அறியமாட்டான். இதைச் செய்தவர்கள் எந்த தேசத்தில் இருக்கிறார்களோ தெரியாது, அவர்களில் ஒருத்தனாவது என்னைப் போல லாரிக்காரன். நெற்றிப் பலகையும் குஞ்சமும் ஏர் ஹாரனுமாக எங்கள் ஊர் வண்டியாகவே அதை மகன் எங்கிருந்தோ இறக்கி வைத்திருந்தான்.

ஒரு மலை இறக்கம் வந்தது. தொப்பூர் மாதிரி நீள இறக்கம். பிரேக்கை மிதித்துக்கொண்டே போனேன். பாதி வழியில் பிரேக் பிடிப்பு குறைந்தது. வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று புத்திக்குத் தெரிகிறது. காலுக்குத் தெரியவில்லை. கியரைக் குறைத்து, எஞ்சினாலேயே பிடித்து, கீழே கொண்டுவந்து சேர்த்தபோது பனியன் நனைந்திருந்தது. அந்தப் பயம் இந்த வயதில் எனக்கு மறுபடி கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. எழுந்திருக்க மனம் வரவில்லை.

சமதளத்துக்கு வந்த பிறகுதான் அடிபட ஆரம்பித்தது. முதலில் ஒரு மைல்கல். பிறகு ஓரமாக நின்ற ஒரு ஆட்டோ. பிறகு ஒரு எருமை. ஸ்டியரிங் கையில் உதறும், முன்கண்ணாடியில் கீறல் விழும், வண்டி நின்றுவிடும். எல்லாம் இடது பக்கம். எதுவும் வருவதற்கு முன்னால் கண்ணில் படவில்லை. எருமை என்ன சின்ன உருப்படியா?

இந்த இடத்தில் விளையாட்டைச் செய்தவன் கோட்டை விட்டிருக்கிறான் என்று முடிவு கட்டினேன். எல்லாவற்றையும் யோசித்தவன் கிளீனரை வைக்க மறந்துவிட்டான்.

லாரித் தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நம் ஊரில் டிரைவர் வலது பக்கம் உட்காருவான். வலது பக்கம் அவனுடையது. இடது பக்கம் கிளீனருடையது. இடது ஜன்னலில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அவன் வெளியே பார்த்தபடியே வருவான். கதவில் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் போகலாம். சைக்கிள்காரன், ஆட்டு மந்தை, கடைப் பந்தல் எல்லாவற்றையும் அவன் வாயும் கையும் எனக்குச் சொல்லிவிடும். என்னோடு கடைசிவரை வந்த கிளீனர் எனக்குச் சமவயதுக்காரர். வெற்றிலை போட்டால் பேசமாட்டார், தட்டுவார். அவர் தட்டினால் நான் இடது பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன். அப்படி ஒரு நம்பிக்கை. அந்தச் சமயத்திலும் ஷெட்டில் நான் வண்டியை எடுத்து முன்னே பின்னே விடுவதென்றால் யாராவது ஒரு கிளீனர் இடது பக்கம் நின்று குரல் கொடுப்பான். அதனால் டிவி லாரிக்கும் ஒரு ஆள் போட்டுக்கொள்வதில் எனக்குக் கூச்சம் எதுவும் இல்லை.

வீட்டுக்காரி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். என் இடது பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, இங்கே வந்து உட்கார் என்றேன்.

"எதுக்குங்க?"

"கிளீனர் வேணும்."

"இத்தன வருசங் கழிச்சு எனக்கு இந்த வேல குடுக்கறீங்களாக்கும்" என்றாள். ஆனால் முறத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

நாற்காலிக் கையில் தட்டக் கற்றுக்கொடுத்தேன். அரை மணி நேரத்தில் அவள் பெரிய கிளீனராகிவிட்டாள். தட்டு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். "ஓல்டான், நிறுத்துங்க, ஆடு வருதுங்க. இன்னொண்ணும் பொறகால வருது, இருங்க. ம், இப்பப் போலாம்." திரையில் ரோட்டைக் கடக்கிற பொம்மை மனிதர்களையும் அவள் விட்டுவைக்கவில்லை. ரோட்டைப் பார்க்காமல் போன் பேசிக்கொண்டு வருகிறதே என்று ஒரு பொம்மைப் பெண்ணைப் பெற்றவர்களைத் திட்டினாள்.

அவள் உட்கார்ந்த பிறகு வண்டி ஒன்றையும் தொடவில்லை. மழை விடாமல் பெய்த அந்த மத்தியானங்களில் நாங்கள் இரண்டு பேரும் எங்கெங்கோ போய் வந்தோம். கல்யாணமான புதிதில் அவளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனது கிடையாது, வீட்டுப் பெண்ணை ஏற்றினால் மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். டிவிக்குள் யார் கேலி செய்வது? மகன் ஒருநாள் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன்னால் ஏறவே முடியாத ஒரு மேட்டில் நான் ஏற்றிவிட்டேன் என்றான். அன்றைக்கு முழுவதும் யாரைப் பார்த்தாலும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புது வண்டி தயார் என்று பட்டறையிலிருந்து சேதி வந்தது. மந்திரிப்புக்கு அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை என்று சாமியாரிடம் பேசியாகிவிட்டது. அதற்கு முந்தின ஞாயிறு வீட்டுக்காரி வேலூருக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நானும் மகனும் மட்டும். எனக்குக் கிளீனர் இல்லை. மகன் என் வலது பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். கடைவீதி மாதிரி ஒரு ரோடு. மெதுவாகத்தான் போனேன். இடது பக்கம் ஒரு திருப்பம், ஒடித்தேன். ஸ்டியரிங் உதறியது. வண்டி நின்றது. கீழே ஒரு இருசக்கர வண்டி கிடந்தது. ஒரு பெண், பின்னால் ஒரு பிள்ளை.

"வானத்துல இருந்து குதிச்சாளா? பொம்ம வண்டிடா இது" என்றேன்.

மகன் எதையோ அமுக்கினான். இந்த விளையாட்டில் ஒரு வசதி உண்டு, அது எந்த நாட்டு ரோட்டிலும் கிடையாது. நடந்து முடிந்ததைத் திருப்பி ஓட்டிப் பார்க்கலாம். லாரி பின்னால் போயிற்று. கடைவீதியின் ஆரம்பத்துக்குப் போய் நின்றது. மறுபடி மெதுவாக வர ஆரம்பித்தது.

"அந்த வண்டி இங்கயே கூட வருதுப்பா. கடைவீதி முழுக்கக் கூடவே வருது. தெரியுதுங்களா?"

"எங்கடா?"

அவன் கையை நீட்டிக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. டிவியைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. யாரோ கூப்பிட்டால் திரும்புகிற மாதிரி நான் தலையை இடது பக்கம் திருப்பினேன். திரையின் இடது பாதி முளைத்தது. அங்கே கடை வரிசை இருந்தது. மரம் இருந்தது. மரத்தடியில் அந்தப் பெண், பின்னால் பிள்ளையை வைத்துக்கொண்டு வண்டியில் வந்துகொண்டிருந்தாள். தலையை நேராக்கினேன், இல்லை. திருப்பினேன், இருந்தாள்.

"இப்பத்தான் தெரியுதாப்பா?" என்றான் மிகவும் தணிந்த குரலில்.

நான் அவனைத் திட்டினேன். வேலைவெட்டி இல்லாத விளையாட்டு என்றேன், படித்துப் படித்து இதைத்தான் கற்றாயா என்றேன். டிவி ஒயரைப் பிடித்து இழுத்தேன். அவன் எழுந்து போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வண்டி எடுப்பீர்களா என்று அவன் கேட்கவில்லை. கேட்காததுதான் காதில் விழுந்துகொண்டே இருந்தது. கோயில் வலது பக்கம் வர, இடது பக்கம் முழுக்கப் பிள்ளைகள் ஓடிவரும்.

தனியாக இருந்தபோது இடது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தேன். இடது கண்தான் கெட்டுவிட்டது என்றால் வலது கண்ணை வைத்துச் சமாளிக்கலாம் என்று ஒரு கணக்கு. வலது கண்ணால் சுவரில் மாட்டியிருக்கிற திரு இருதயப் படத்தின் நடுவைப் பார்த்தேன். படத்தின் இடது பாதி இல்லை. வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தேன். அப்போதும் இடது பாதிதான் இல்லை. இருட்டாக இருந்தாலாவது பரவாயில்லை. இருட்டும் இல்லை, கறுப்பும் இல்லை. முதுகுக்குப் பின்னால் என்ன நிறம் தெரிகிறது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அது மாதிரி, அங்கே ஒன்றுமே இல்லை. கண் நோய் தெரியும் எனக்கு, இது என்ன நோய் என்று தெரியவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கல்கத்தா வரைக்கும் லாரி ஓட்டிப் போய்வந்தவனுக்குத் தன் வீட்டுக் கூடத்தில் எழுந்து நடக்கப் பயமாக இருந்தது.

பயந்த பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒரு கல்யாணப் பந்தியில், இலையில் உப்பும் ஊறுகாயும் வைக்கவில்லை என்று பரிமாறுகிறவனைப் பிடித்துச் சத்தம் போட்டேன். அவன் மிரண்டுபோய் என் இலையின் இடது மூலையைக் காட்டினான். இப்போதுதான் வைத்தான், பேச்சை மாற்றுகிறான் என்றேன். உப்பும் ஊறுகாயும் வைக்கிற இடம் இடது மூலைதான் என்று சின்னப் பிள்ளைக்குத் தெரியும். அடுப்படி நிலையில் என் இடது தோள் இடித்துக்கொண்டே இருக்கும். தச்சன் நிலையைக் குறுக்கி வைத்துவிட்டான் என்பேன். தினப்பத்திரிகை படித்தால் ஒரு வரி முடிந்து அடுத்த வரியின் தலை கிடைக்காது. மூன்றாம் வகுப்புப் படித்தவனுக்கு அவ்வளவுதான் வரும் என்று பேப்பரை மடித்துவைத்துவிடுவேன். படித்தவனாக இருந்திருந்தால் அன்றைக்கே சந்தேகம் வந்திருக்கும். எனக்கு என் படிப்பின் மேல்தான் சந்தேகம் வந்தது.

இவ்வளவு தெரிந்தும் மறுநாள் சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். பார்த்துவிடலாம் என்றுதான். வண்டி எந்த வழியாக வருமோ அந்த வழியில், கோயில் சுவரை வலது பக்கம் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி நடந்தேன். மைதானம் காலியாக இருந்தது. அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. பாடல் பழக வந்த பிள்ளைகளின் சத்தம் மட்டும் எங்கிருந்தோ கேட்டது.

"தோத்திரம் தாத்தா."

என் இடுப்புக்குப் பக்கத்தில் அந்தக் குரல். திரும்பினேன். ஒரு பெண் குழந்தை. கையை நீட்டினால் தலையைத் தொடலாம், அவ்வளவு கிட்டத்தில். அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். புது லாரி எப்போது வரும் என்று கேட்டார்கள். மாதா சிலை வைத்த கெபியின் படியில் போய்த் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்துகொண்டேன். அவர்களுக்கு நான் செபம் சொல்கிறேன் என்று தோன்றியிருக்கும்.

வீட்டுக்குப் போய் மகனிடம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அவன் ஏற்கெனவே சேலத்தில் ஒரு கண் டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்திருந்தான்.

அங்கே முதலில் எழுத்துப் பலகை வைத்தார்கள். கடைசி வரி வரைக்கும் படித்தேன். எழுத்தின் தலையைத் தேட கொஞ்ச நேரம் ஆனது, ஆனாலும் படித்தேன். என் வயதில் இப்படிப் படிக்கிறவர்கள் குறைவு என்று அங்கிருந்த பெண் சொன்னாள். பார்த்தாயா என்று மகனைப் பார்த்தேன். அப்புறம் ஒரு இருட்டறையில் பெரிய கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். நேரே பார்க்கவேண்டும், எங்கே வெளிச்சம் மின்னினாலும் பொத்தானை அமுக்கவேண்டும். இதுவும் வீடியோ கேம்தான். விட்டுவிடாமல் அமுக்கினேன். எல்லாவற்றையும் பிடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். டாக்டர் தாளைக் காட்டினார். இரண்டு வட்டம், இரண்டு கண்ணுக்கு. இரண்டிலும் இடது பாதி கரி பூசின மாதிரி கறுப்பு. அத்தனை வெளிச்சம் அங்கே மின்னியிருக்கிறது, நான் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கண்ணில் ஒன்றும் இல்லை, தலையின் பின்பக்கம் ஒரு ரத்தக்குழாய் எப்போதோ அடைத்திருக்கிறது, ஸ்கேன் எடுத்தால் தெரியும் என்றார். கோடையில் குடும்பத்தோடு ஜேடர்பாளையம் அணைக்குப் போனபோது தலை வெடிக்கிற மாதிரி வலித்து, கண்ணில் என்னவோ மினுமினுத்து, வெயில் என்று வேட்டியைத் தலையில் போட்டுக்கொண்டு படுத்தது ஞாபகம் வந்தது. மறுபடி அடைக்காமல் இருக்க மாத்திரை கொடுப்பார்களாம். போன பார்வை திரும்புவது கஷ்டமாம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். மகன் சொன்னான். அவர் சிரிக்கவில்லை.

"நிறையப் பேருக்கு ஆக்ஸிடெண்ட் ஆன பிறகுதாங்க தெரியும். நீங்க இனிமே எந்த வண்டியும் எடுக்கக் கூடாது."

எல்லாம் சரி. ஆனால் இன்னொன்றை நான் சொல்லாவிட்டால் இது முழு உண்மையாகாது. வீட்டுக்கு வரும் வழியிலேயே என் மனம் வழி தேட ஆரம்பித்துவிட்டது. ஒரே ஒரு சுற்று. முதல் கியர். இடது பக்கம் நல்ல கிளீனர். வீட்டுக்காரி பக்கத்தில் இருந்தபோது டிவி லாரி ஒரு ஆட்டுக்குட்டியையாவது தொட்டதா? இதை வீட்டில் சொன்னபோது மகன் எழுந்து நின்றுவிட்டான். வீட்டுக்காரி மட்டும் வெடுக்கென்று சொன்னாள்.

"பேண்டு அடிப்பாங்க, வெடி போடுவாங்க, புள்ளைக கத்தும். அதுல கிளீனர் தட்டறது உங்க காதுல உழுகுங்களா?"

விழும் என்றேன். அப்படியானால் உட்காருங்கள் என்றாள். நிஜமாகத்தான் சொன்னாள். கூடத்தில் என்னை உட்காரவைத்து, இடது பக்கம் அவள் உட்கார்ந்தாள். மகன் தன் போனில் ஏதோ ஒரு பேண்டு வாத்தியத்தைப் போட்டு, அதை டிவி சத்தத்தையும் அமுக்குகிற மாதிரி ஒரு பெரிய ஸ்பீக்கரில் வைத்தான். கூடம் அதிர்ந்தது. முதல் கியரில் கடைவீதிக்குள் போனேன். அவள் தட்டியிருக்கிறாள், கத்தியிருக்கிறாள். பேண்டுதான் கேட்டது எனக்கு. சரி, போகலாம் என்று சொல்கிறாள் போல என்று நினைத்து ஒடித்தேன். ஸ்டியரிங் உதறியது. மறுபடி ஒருமுறை என்றேன். மறுபடியும் உதறியது. மகன் பாட்டை நிறுத்தினான். என் கை ஸ்டியரிங்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. திரையில் என்ன கிடந்தது என்று நான் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்காரி பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நிஜத்தில் ஒரே ஒரு தடவை செய்து பார்த்திருந்தால் அதோடு முடிந்திருக்கும், என் கதையும் இன்னொரு வீட்டின் கதையும். வீட்டில் உட்கார்ந்து, யாருக்கும் ஒரு கீறல் இல்லாமல், அதை எனக்குக் காட்டிக்கொடுத்தது அந்தப் பொம்மை லாரி. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு மறைத்தேனே, அதுதான். நான் தொழில் கற்ற எந்த டிரைவரும் இவ்வளவு கண்டிப்பாக என்னிடம் நடந்துகொண்டதில்லை.

சனிக்கிழமை சாமியாரைப் போய்ப் பார்த்தேன். எனக்கு இடது பக்கம் தெரியாது, அதனால் நான் ஓட்டப்போவதில்லை என்றேன். நேராக, சுற்றிவளைக்காமல். ஸ்டியரிங்கைத் தானாக விட்டுக்கொடுத்த லாரிக்காரன் எங்கள் பங்கில் எனக்கு முன்னால் ஒருத்தனும் கிடையாது, இதையும் எழுதி வைக்கிறேன். சுற்று வேண்டாமென்று விட்டுவிடலாமா என்று சாமியார் கேட்டார். பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், சுற்று இருக்கட்டும், ஆனால் தரையில் ஒரு பிள்ளை ஓடக் கூடாது, எல்லாரும் பாடிக்குள் ஏறிவிட வேண்டும், மிச்சம் இருந்தால் அடுத்த சுற்று என்றேன். அவர் சரியென்றார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மூத்த டிரைவர் வண்டியை எடுத்தார். அவருக்கு இடது பக்கம் கதவில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு என் மகன் உட்கார்ந்தான். நான் கோயிலைப் பார்த்தபடி மாதா கெபிக்குப் பக்கத்தில் நின்றேன். பேண்டு ஆரம்பித்தது. கோயிலின் வலது மூலையிலிருந்து புது வண்டி திரும்பி வந்தது, மாலை போட்டுக்கொண்டு, பாடி நிறையப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு. கோயில் வாசலுக்கு நேரே வந்தது. அங்கே அதன் முன்பாதி இல்லாமல் போயிற்று. பிறகு பின்பாதியும் பிள்ளைகளோடு இல்லாமல் போயிற்று. அவ்வளவு பெரிய வண்டி, விழுங்கின மாதிரி. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வெடிச் சத்தம், அதன் மேல் பிள்ளைகள் ஒரே குரலாகக் கத்தியது கேட்டது. சந்தோஷமா, வேறெதுவுமா என்று சத்தத்தை வைத்து எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தலையைத் திருப்பினால் தெரிந்துவிடும். கழுத்து திரும்பவில்லை. வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"திரும்பிப் பாருங்க" என்றாள் வீட்டுக்காரி. அவள் என் இடது பக்கத்தில் நின்றிருக்கிறாள், எனக்குத் தெரியாது.

திரும்பினேன். முதலில் அவள் முகம் வந்தது. அதற்கு அப்பால் மதிலை ஒட்டி வண்டி நல்லபடியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. தரையில் யாரும் இல்லை.